கமிட் மெசேஜை ஏஐ எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

கேள்வி, ஜனவரி 8

எங்கள் டீமில் எல்லோரும் கமிட் மெசேஜ் (கோடில் செய்த மாற்றத்தைப் பதியும்போது கூடவே எழுதும் குறிப்பு) எழுதும் வேலையை ஏஐயிடம் விட்டுவிட்டார்கள். விஎஸ் கோட் எடிட்டரில் அந்த மினுக்கும் நட்சத்திரக் குறியை அழுத்தினால் முடிந்தது. லீட் மட்டும் முறைக்கிறார். முன்பு ‘ஃபிக்ஸ்’, ‘அப்டேட்’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று இருந்த இடத்தில் இப்போது ஒழுங்கான ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் முன்னேற்றம்தானே? யாருக்கு என்ன நஷ்டம்?

ஜனவரி 8, இரவு

நஷ்டம் உண்டு. உங்கள் லீட் தேடுகிற இடத்தில் அது இல்லை என்று நினைக்கிறேன்.

ஏஐ முக்கியமாகப் பார்ப்பது டிஃபை, அதாவது கோடில் நீங்கிய, சேர்ந்த வரிகளின் பட்டியலை. எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று அழகாகச் சொல்லிவிடும். அதை டிஃபே சொல்கிறதே. ஏன் போனது, ஏன் வந்தது என்பது உங்கள் தலையில் இருக்கிறது, அல்லது வாட்ஸ்அப்பில், அல்லது லிஃப்டுக்குக் காத்திருந்தபோது டெஸ்டர் சொன்ன ஒரு வாக்கியத்தில். நட்சத்திரக் குறி அங்கெல்லாம் எட்டிப் பார்க்காது.

நாளை ஓர் உதாரணம் எழுதுகிறேன். இப்போது எம்ஆர்டி ரயிலில் ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 9

உதாரணம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கிளினிக் முன்பதிவுச் செயலி. பெயர் எழுதும் கட்டத்துக்கு ஒரு ரெஜெக்ஸ் (எந்தக் குறிகள் வரலாம் என்று சொல்லும் விதி) காவல் இருந்தது. எழுத்து, இடைவெளி, புள்ளி, இணைப்புக்கோடு, ஒற்றை மேற்கோள். வேறு எது வந்தாலும் ‘பெயர் செல்லாது’ என்று சிவப்பில் காட்டும்.

நம்மவர்களுக்கு இது எங்கே இடிக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் நிற்கும் எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், மகள்). அந்தச் சாய்கோடு. திரையின் மேலே ‘அட்டையில் உள்ளபடி பெயரை எழுதவும்’ என்று இருக்கும். அப்படியே எழுதினால் கீழே ‘செல்லாது’ என்று வரும். கவுண்டரில் இருந்த அக்காவுக்கு இதைப் பற்றியே ஃபோன் வந்துகொண்டிருந்தது.

சக ஊழியர் ஒருவர் ரெஜெக்ஸில் சாய்கோட்டைச் சேர்த்தார். மாற்றம் மொத்தமே இரண்டு எழுத்து: சாய்கோடும் அதற்கு முன்னால் ஒரு தப்பிப்புக் குறியும். பொத்தானை அழுத்தினார். ஏஐ எழுதியது கிட்டத்தட்ட இப்படி: ‘பெயர் சரிபார்ப்பு விதியில் சாய்கோட்டை அனுமதி. உள்ளீட்டுச் சரிபார்ப்பின் நெகிழ்வுத்தன்மையைக் கூட்டி, பயனர் அனுபவத்தை மேம்படுத்துகிறது.’

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எஸ்/ஓ என்ற பேச்சும் இல்லை.

அப்புறம் ஒரு பாதுகாப்புத் தணிக்கை. ‘உள்ளீட்டுக் கட்டங்களில் தேவையற்ற சிறப்புக் குறிகளை நீக்கவும்’ என்று அறிக்கையில் ஒரு வரி. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனுக்கு அந்த வேலை வந்தது. கவனக்குறைவான ஆள் இல்லை அவன். கிட்டில் (கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் மென்பொருள்) பிளேம் கட்டளை போட்டு, அந்த வரியை யார் எப்போது சேர்த்தார்கள், என்ன சொல்லிச் சேர்த்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைத்தான். ‘நெகிழ்வுத்தன்மை’, ‘பயனர் அனுபவம்’. யாரோ சும்மா தளர்த்திவிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். சாய்கோடு போயிற்று. மறுபடி அக்காவுக்கு ஃபோன்.

அந்த மெசேஜ் வெறும் ‘ஃபிக்ஸ்’ என்று இருந்திருந்தால் அவன் எழுந்து வந்து கேட்டிருப்பான். ‘ஃபிக்ஸ்’ என்பது தன்னிடம் ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டிவிடுகிறது. நாலு வரி ஆங்கிலம் அப்படிக் காட்டாது. படிப்பவர் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்து நகர்ந்துவிடுவார். நான் நஷ்டம் என்று சொன்னது இதைத்தான்.

ஜனவரி 9, கொஞ்சம் கழித்து

‘டெஸ்ட் (கோடைத் தானாகச் சோதிக்கும் கோடு) எழுதியிருந்தால் பிடித்திருக்குமே’ என்று தெம்பனிஸ்காரர் கேட்கிறார். பிடித்திருக்கும். டெஸ்ட் எழுதிய இடத்தில் நான் ஏன் இப்படி உட்கார்ந்து புலம்பப்போகிறேன்?

ஜனவரி 11

பொங்கோல் நண்பர் மடக்குகிறார்: ‘எழுந்து வந்து கேட்டிருப்பான் என்கிறீர்களே, யாரிடம்? சேர்த்தவர் இன்னும் அங்கே இருந்தாரா?’

நல்ல கேள்வி. இருந்தார், அந்த முறை. இந்த ஊரில் அது அதிர்ஷ்டம். ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் பாதிப் பேர். ஒப்பந்தம் முடியும், வேலை பாஸ் முடியும், ஒருவர் சென்னைக்குப் போவார், ஒருவர் சிட்னிக்குப் போவார். காரணமும் அதே விமானத்தில் ஏறிவிடும். ஆகவே ‘ஃபிக்ஸ்’ ஒன்றும் புனிதமானது இல்லை. கேட்க ஆள் இருக்கும் வரைதான் அதன் நேர்மைக்கு மதிப்பு. ஆள் போன பிறகு ‘ஃபிக்ஸ்’, ‘பயனர் அனுபவத்தை மேம்படுத்துகிறது’ இரண்டும் ஒரே கிணறுதான்.

ஆனாலும் அந்தப் பையன் அன்று கேட்டிருப்பான். அதை நான் விடமாட்டேன்.

ஜனவரி 12

‘கமிட் மெசேஜை யாரும் படிப்பதில்லை, அது ஒரு சடங்கு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாம் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கிட் பிறந்தது 2005 ஏப்ரலில். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதும் கர்னல்காரர்கள் அதுவரை பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அந்தச் சலுகை போனதும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒன்று எழுத உட்கார்ந்தார். கிட்டின் முதல் கமிட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ‘நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர்’ என்று தன் கருவியையே வர்ணித்திருப்பார். ஏஐ அப்படி எழுதித் தராது.

அந்தக் கூட்டத்தில் மாற்றங்கள் மின்னஞ்சலில்தான் போய் வரும். கடிதத்தின் தலைப்புதான் கமிட்டின் முதல் வரி, உடல்தான் விளக்கம். கிட் ஏஎம் என்று ஒரு கட்டளையே இருக்கிறது. கடிதத்தை வாங்கி அப்படியே கமிட்டாக்கிவிடும். முதல் வரி சின்னதாக, அப்புறம் ஒரு வெற்று வரி, அப்புறம் பத்தி என்ற வழக்கம் அங்கிருந்து வருகிறது. முதல் வரிக்கு 50 எழுத்து, மற்ற வரிகளுக்கு 72 எழுத்து என்ற கணக்கை டிம் போப் 2008இல் எழுதிய ஒரு குறிப்பு பரப்பியது. கிட் அதை யார் மீதும் திணிப்பதில்லை, 500 எழுத்து எழுதினாலும் வாங்கிக்கொள்ளும்.

அங்கே ஒரு மெயின்டெய்னர் (மாற்றங்களை ஏற்கும் பொறுப்பாளர்) கோடுக்கு முன்னால் கடிதத்தைப் படிக்கிறார். என்ன பிரச்சினை, யாருக்கு, எப்படித் தெரிந்தது என்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். ஒரு வரி மாற்றத்துக்கு நாலு பத்தி விளக்கம் அங்கே சாதாரணம். நம் ஆபீஸில் பிஆர் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறக்கிறோம், ஸ்க்வாஷ் மெர்ஜ் அழுத்துகிறோம், எட்டுக் கமிட்டும் ஒன்றாக நசுங்குகிறது. பாதி ரெப்போக்களில் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்குகள்) மிஞ்சுவது பிஆர் தலைப்பு மட்டும். அப்படிப்பட்ட இடத்தில் கமிட் மெசேஜை ஏஐ எழுதினால் என்ன, பூனை எழுதினால் என்ன? பிஆர் விளக்கத்தை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

(பிஆர் விளக்கத்தையும் ஏஐதான் எழுதுகிறது, தெரியும்.)

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்து. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது: அவர்கள் சர்வரில், வேலைகளை டிக்கெட்டாகப் பதியும் ஜிராவின் எண் இல்லாத கமிட்டை ஹுக் (கமிட்டின்போது தானாக ஓடும் ஸ்க்ரிப்ட்) திருப்பி அனுப்பிவிடுமாம். அப்படி இருக்கும்போது மெசேஜில் காரணம் எதற்கு, டிக்கெட்டில் இருக்குமே?

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் வழிகாட்டுதல், 2021இல் புதுப்பித்தது, மாற்ற நிர்வாகம் பற்றி நிறையப் பேசுகிறது. வங்கிகள் கண்டிப்பாக இருப்பதில் நியாயம் உண்டு. டிக்கெட்டில் காரணம் இருந்தால் நல்லது, தாராளமாக அங்கேயே இருக்கட்டும். நான் பார்த்த டிக்கெட்டுகளில் பாதிக்கு மேல் ‘அழைப்பில் பேசியபடி’ என்று முடியும். இன்னொன்று, டிக்கெட் சிஸ்டத்தை மாற்றுவார்கள். புது சிஸ்டத்துக்குப் போகும்போது பழையது எங்கோ ஓர் எக்செல்லில் அடைபடும். கிட் வரலாறு மட்டும் கோடுடனேயே வரும்.

ஜனவரி 18

8ஆம் தேதி நான் போட்ட கோட்டை இன்று கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கிறது. ‘ஏன்’ என்பது டிஃபில் இருக்காது, ஆகவே ஏஐக்குத் தெரியாது என்றேன். சில ‘ஏன்’ உலகத்துக்கே தெரிந்தவை. அவை அதற்கும் தெரிகின்றன.

இப்போதைய வேலையில் ஒரு விசித்திரமான புகார் வந்தது. சில வாடிக்கையாளர்களின் பிறந்த தேதி ஒரு நாள் முந்திக் காட்டுகிறது. எல்லோருக்கும் இல்லை, வயதானவர்களுக்கு மட்டும். பட்டியல் எடுத்துப் பார்த்தால் எல்லை கத்தியால் வெட்டினாற்போல இருந்தது: 1981 டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் எல்லோரும் தப்பு, 1982 ஜனவரி 1 முதல் எல்லோரும் சரி.

இங்கே கொஞ்சம் வயதானவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கும். சிங்கப்பூரின் நேரம் அதுவரை கிரீனிச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. மலேசியா தன் கிழக்கையும் மேற்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து எட்டு மணிக்கு மாறியபோது நாமும் கூடவே மாறினோம். 1981இன் கடைசி நாள் அரை மணி நேரம் குட்டை. இரவு 11:30க்கே புத்தாண்டு பிறந்துவிட்டது.

கோடில் நடந்தது இது. எழுதும் பக்கம், நள்ளிரவை எப்போதும் +8 என்று வைத்துக்கொண்டு யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தது. படிக்கும் பக்கம், ஒழுங்காக ‘ஆசியா/சிங்கப்பூர்’ என்று நேர மண்டலக் கோப்பைக் கேட்டது. அந்தக் கோப்புக்கு வரலாறு தெரியும். 1975 மே 10 நள்ளிரவு என்று சேமித்ததை அது +7:30 வைத்துத் திருப்பியது. மே 9, இரவு 11:30. தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் மே 9. இரண்டு பக்கமும் தனித்தனியே பார்த்தால் சரிபோலத்தான் இருக்கும்.

திருத்தத்தை எழுதிவிட்டு, இந்த இழையில் இவ்வளவு பேசியிருக்கிறோமே என்று ஏஐ என்ன எழுதுகிறது பார்ப்போம் என்று விட்டேன். நான் சொல்லாமலே 1982 மாற்றத்தைப் பிடித்துவிட்டது. டிஃபில் இருந்தது 1982 என்ற எண்ணும் +7:30உம் மட்டும்தான். ‘சிங்கப்பூர் 1982 ஜனவரி 1இல் +8க்கு மாறியது, அதற்கு முந்தைய தேதிகளுக்கு +7:30’ என்று தெளிவாக எழுதியது. என் டீமில் பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம். நான் எழுதியிருந்தால்கூட ‘பழைய நேரம்’ என்று ஒற்றைச் சொல்லில் விட்டிருப்பேன்.

அது எழுதாதது: ஏற்கெனவே தப்பாகச் சேமித்த பழைய பதிவுகளை நாங்கள் ஏன் திருத்தவில்லை என்பது. அதுதான் இரண்டு வருடம் கழித்து வருகிறவர் முதலில் கேட்கப்போவது. காரணம், அந்தத் தரவை வாங்கும் கூட்டாளி நிறுவனம் இந்தக் கோளாறை எப்போதோ கண்டுபிடித்து, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தங்கள் பக்கம் 1982க்கு முந்தையவர்களுக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் சுத்தம் செய்தால் அங்கே எல்லோரும் ஒரு நாள் பிந்திப் பிறந்துவிடுவார்கள். இது ஒரு ஃபோன் அழைப்பில் தெரிந்தது. எந்த மாடலும் இதைப் படித்திருக்க முடியாது.

ஜனவரி 19

‘ஏஜென்ட் (நம்மோடு பேசிக்கொண்டே கோடு எழுதும் ஏஐ) வைத்துக் கோடே எழுதுகிறோம், அதற்குக் காரணமும் தெரியும், உரையாடல் முழுக்க அதனிடம்தான் இருக்கிறது’ என்று ஈசூன்காரர். ஆமாம், அது வேறு கதை. உட்கார்ந்து அரை மணி நேரம் அதனுடன் சண்டை போட்டுக் கோடு வாங்கினால், நீங்கள் சொன்ன காரணங்கள் அதன் முன்னால் இருக்கும், மெசேஜும் நன்றாக வரும். நானும் பார்க்கிறேன். சில சமயம் தேவைக்கு மேல் நன்றாக வருகிறது: நாம் முயன்று கைவிட்ட வழிகளையெல்லாம் கட்டுரை எழுதிவிடும். எனக்கு அது பிடிக்கிறது. என் லீடுக்குப் பிடிக்கவில்லை.

டிஃபைப் பார்க்கும் பொத்தானையும் பேச்சைக் கேட்ட ஏஜென்டையும் ஒரே பெயரில் திட்டுவதுதான் இந்த விவாதத்தின் பாதிக் குழப்பம்.

ஜனவரி 22

யாரும் கேட்காத ஒன்று. அந்தப் பொத்தானை அழுத்தினால் உங்கள் டிஃப் வெளியே ஒரு சர்வருக்குப் போகிறது. டெஸ்ட் தரவுக் கோப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். இங்குள்ள அடையாள அட்டை எண் என்றால் எஸ் (S) அல்லது டி (T), அப்புறம் ஏழு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து கணக்குப் போட்டு வருவது என்பதால் சும்மா தட்டிய எண்ணைச் சரிபார்ப்பு ஏற்காது. ஏற்க வைக்க, சோம்பேறித்தனத்தில் யாராவது உண்மையான அடையாள அட்டை எண்ணையே டெஸ்டில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் தன்னுடையதை. சில சமயம் வாடிக்கையாளருடையதை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்து இருக்கிறது, ‘கமிட் மெசேஜுக்காகத்தான் அனுப்பினேன்’ என்று அங்கே போய் நிற்க முடியாது.

கம்பெனி ஒப்பந்தத்தின் கீழ் வரும் கருவி என்றால் வேறு விஷயம். இல்லாவிட்டால் ஒல்லாமா என்ற மென்பொருளைப் போட்டு மாடலை லேப்டாப்பிலேயே ஓட்டலாம். முயன்றேன். விசிறி இரைய இரைய யோசித்துவிட்டு, ‘பல கோப்புகள் புதுப்பிக்கப்பட்டன’ என்றது. அதற்கு நானே ‘அப்டேட்’ என்று எழுதியிருப்பேன். பிறகு பார்த்தால் டிஃபில் முக்கால்வாசி பேக்கேஜ் லாக் கோப்பு. ஆயிரக்கணக்கான வரி பதிப்பு எண்கள், அதற்கு நடுவே என் ஆறு வரி. லாக் கோப்பை ஒதுக்கிவிட்டுக் கொடுத்தால் சின்ன மாடலும் பிழைத்துக்கொள்கிறது.

ஜனவரி 25

இதுவரை எழுதியதைப் படித்தால் ஏதோ நான் அந்தப் பொத்தானின் எதிரி மாதிரி இருக்கிறது. இல்லை. ஒரு ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி எங்கள் டீமில். கோடு எழுதினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுது என்றால் கை நின்றுவிடும். அவன் கமிட் எல்லாம் ‘சேஞ்சஸ் டன்’. பிஆரில் யாராவது ‘ஏன் இப்படி?’ என்று கேட்டால் பதில் எழுதாமல் நேரில் வந்து சொல்வான். நேரில் சொல்லும்போது காரணம் துல்லியமாக இருக்கும். ‘அண்ணே, மத்தியானம் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் டாக்டர் சாப்பிடப் போறாங்க, ஆனா ஸ்லாட் காட்டுது, ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க.’ இதைவிட நல்ல கமிட் மெசேஜ் என்ன இருக்கிறது?

இப்போது அவன் அதையே, அப்படியே பேச்சுத் தமிழில், ஏஐயிடம் தட்டுகிறான். அது ஆங்கிலத்தில் இரண்டு வரியாக்கித் தருகிறது. மதிய இடைவேளை, காத்திருக்கும் நோயாளிகள், எல்லாம் இருக்கிறது. எங்கள் ரெப்போவில் இப்போது படிக்கத் தகுந்த கமிட்டுகள் அவனுடையவை. ஆங்கிலம் தாராளமாக வருகிறவர்கள்தான் பொத்தானை அழுத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார்கள்.

ஏஐயை எழுத்தராக வைத்துக்கொண்டு காரணத்தை நீங்கள் சொன்னால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஜனவரி 26

‘அப்படியானால் தமிழிலேயே கமிட் எழுதிவிடலாமே?’

எழுதலாம். கிட்டுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, இயல்பாகவே எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம்தான். என் சொந்த ரெப்போ ஒன்றில் முழுக்கத் தமிழ்தான். சிக்கல் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன ஸ்க்ரிப்டுகளில். 50 எழுத்துக்கு மேல் போனால் திட்டும் ஒரு ஹுக்கைப் போட்டிருந்தேன். ‘சிங்கப்பூர்’ நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடுக்கு 11 குறியீடு. பைட்டுக்கு 33. அந்த ஹுக் பைட்டை எண்ணிக்கொண்டிருந்தது. ‘சிங்கப்பூர் நேரம்’ என்று ஆரம்பித்தாலே அதற்கு மூச்சு முட்டும்.

கோப்புப் பெயரையும் தமிழில் வைத்தீர்களானால் கிட் ஸ்டேட்டஸ் அதை எண்களும் பின்சாய்கோடுகளுமாகக் காட்டும். கோர் குவோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் தமிழ் திரும்பி வரும். தேடிக்கொண்டு வருகிறவர்களுக்காக இங்கே போட்டு வைக்கிறேன்.

ஜனவரி 31

சரி, நான் என்ன செய்கிறேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கிட்டில் ‘ப்ரிபேர் கமிட் மெசேஜ்’ என்று ஒரு ஹுக் உண்டு. கமிட் அடித்ததும், எடிட்டர் திறப்பதற்கு முன்னால் ஓடும். மெசேஜ் கோப்பின் இடம் அதன் கையில் கிடைக்கும். பலர் இங்கே ஏஐ எழுதியதை நேராகக் கோப்பில் ஊற்றிவிடுகிறார்கள். எடிட்டர் திறக்கும்போதே மெசேஜ் தயார், சேமித்து மூடினால் கமிட் ஆகிவிடும்.

நான் அதே வரைவை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # போட்டு ஊற்றுகிறேன். # இல் தொடங்கும் வரியைக் கிட் குறிப்பாக எடுத்துக்கொண்டு தூக்கி எறிந்துவிடும். வரைவு கண் முன்னால் இருக்கும், ஆனால் நானாக ஒரு வரி எழுதாவிட்டால் மெசேஜ் காலி, கமிட் நடக்காது. அதன் வரி நன்றாக இருந்தால் முன்னால் இருக்கும் # ஐ அழிக்கிறேன். முதல் வரிக்குப் பெரும்பாலும் அப்படித்தான். அதன் கீழே ‘ஏனென்றால்’ என்று நினைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் நானே எழுதுகிறேன்.

‘நெகிழ்வுத்தன்மையை மேம்படுத்துகிறது’ வகை வரிகளை மாடலிடமே தடை செய்துவிட்டேன். டிஃபில் இல்லாத பலன் எதையும் எழுதாதே என்று ஒரு வரி போதும். அதற்கப்புறம் வரைவு பாதியாகச் சுருங்கிற்று.

பிப்ரவரி 3

மேலே சொன்னதில் ஒரு மாற்றம். இப்போது வரைவு கேட்பதையே குறைத்துவிட்டேன். கேள்வி கேட்கச் சொல்கிறேன்: ‘இந்த டிஃபை முதல் முறையாகப் படிக்கும் ஒருவருக்கு எது விளங்காது? ஒரே ஒரு கேள்வி கேள்.’

சோதனைக்காக அந்தப் பழைய சாய்கோட்டு மாற்றத்தையே நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். அது கேட்டது: ‘சாய்கோடு மட்டும் ஏன்? பெயர்களில் வரக்கூடிய மற்ற குறிகள் வேண்டாமா?’

மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டி வரும் சக ஊழியரிடம் காட்டினேன். சிரித்தார். எஸ்/ஓ, டி/ஓ போல அங்கே வேறு சுருக்கம்: அவர் பெயரில் இருப்பது ஏ/எல். தங்கைக்கு ஏ/பி. சாய்கோடு வந்தால் அவர் பிழைத்தார். ‘ஆனால் எங்கள் ஆபீஸ் சீனர் ஒருவருக்குப் பெயர் நடுவில் @ இருக்கிறதே, அவரை என்ன செய்தீர்கள்?’ என்றார். மாற்றுப்பெயருக்கு @ போடும் வழக்கம் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. அந்தக் கிளினிக் செயலியில் அவர்கள் எப்படிப் பதிவு செய்தார்கள் என்று எங்களில் யாரும் யோசிக்கவே இல்லை. அவர்கள் ஃபோன் செய்யவில்லை போலிருக்கிறது.

முழு இழையிலும் ஏஐ செய்த உருப்படியான வேலை இதுதான் என்பேன். அது எழுதிய வரிகளை நான் மறந்துவிடுகிறேன். கேட்ட கேள்வி ஒட்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 7

‘ஏஐ எழுதியது என்று கமிட்டில் சொல்ல வேண்டுமா?’ என்ற கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது.

கோடுக்கும் மெசேஜுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கிளாட் கோட் போன்ற ஏஜென்டுகள் ‘கோ-ஆத்தர்ட்-பை’ (உடன் எழுதியவர்) என்று தங்கள் பெயரைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. வேண்டாமென்றால் அணைக்கலாம். ஜென்டூ லினக்ஸ் திட்டம் 2024 ஏப்ரலில் ஏஐ எழுதிய பங்களிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கர்னல்காரர்கள் வேறு வழி எடுத்திருக்கிறார்கள்: ஏஐ உதவி இருந்தால் ‘அசிஸ்டட்-பை’ என்று ஒரு வரி போடு, ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியை மட்டும் மனிதர் போட வேண்டும். அந்தக் கையெழுத்து வரி 2004இல், லினக்ஸில் தன் கோடு இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்குக் களேபரத்துக்கு நடுவே வந்தது. ‘இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது’ என்று ஒருவர் பொறுப்பேற்பது அது. ஏஐ பொறுப்பேற்று எங்கே வந்து நிற்கும்?

நான் எழுதிய கோடுக்கு முதல் வரியை மட்டும் அது சொல்லிக்கொடுத்தால் அதை எங்கேயும் குறிப்பதில்லை. ஸ்பெல் செக்கருக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

பிப்ரவரி 10

ஹுக்கைக் கேட்டவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை, சீனப் புத்தாண்டு ஃப்ரீஸுக்கு (கோடு மாற்றங்களை நிறுத்திவைக்கும் நாட்கள்) முன்னால் போட்டுவிடுகிறேன்.

ஒன்று: கமிட்டுடன் -எம் போட்டு மெசேஜை அங்கேயே கொடுத்தால் எடிட்டர் திறக்காது, # வரிகளையும் கிட் நீக்காது. வரைவு முழுக்க # உடன் வரலாற்றில் உட்கார்ந்துவிடும். ஹுக்குக்கு வரும் இரண்டாவது தகவல் ‘மெசேஜ்’ என்று இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியே போய்விடச் சொல்லுங்கள். மெர்ஜ், ஸ்க்வாஷ் என்று வந்தாலும் அப்படியே. விஎஸ் கோடின் பெட்டியில் தட்டி கமிட் செய்கிறவர்களுக்கும் இதே நிலைதான். பெட்டியைக் காலியாக விட்டால் எடிட்டர் திறக்கும், ஹுக்கும் வேலை செய்யும்.

இரண்டு: கமிட் க்ளீனப் (மெசேஜிலிருந்து எதை நீக்குவது என்று சொல்லும் கிட் அமைப்பு) என்பதைக் கத்தரிக்கோல் (scissors) முறைக்கு மாற்றி வைத்திருப்பவர்களுக்கு # வரிகள் போகவே போகாது. அவர்கள் முதலில் அதைப் பழையபடி மாற்றட்டும்.

முதல் கேள்வி கேட்டவர் இன்னும் இங்கே இருக்கிறாரா? உங்கள் லீடுக்கு இந்த ஹுக்கை அனுப்புங்கள். முறைப்பு போகுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.